கேள்வி – பதில்: வலியில்லாத தூக்கு உண்டா?

கேள்வி: எங்கள் வீட்டு முகப்பில் சென்ற வாரம் ஒரு வாக்குவாதம். தூக்குத் தண்டனை காட்டுமிராண்டித்தனம், விஷ ஊசியே மனிதாபிமானமானது என்கிறான் சட்டம் படிக்கும் என் பேரன். திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலேறிய கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. வலி குறைந்த முறை என்று உண்மையிலேயே ஒன்று உண்டா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தூக்கு என்பது ஒரே முறையன்று என்பதைத் தங்கள் பேரனிடம் முதலில் சொல்லுங்கள். மருதிருவர் தூக்கிலேற்றப்பட்ட 1801 காலத்துத் தூக்கில் உடல் சிறிதளவே கீழே இறங்கும்; ஆகவே பெரும்பாலோர் கழுத்து இறுகி, மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள். உடலின் எடைக்கேற்ப விழும் தொலைவைக் கணக்கிட்டுக் கழுத்தெலும்பை முறிக்கும் வழக்கத்தை 1872-ல் இங்கிலாந்தில் புகுத்தியவர் வில்லியம் மார்வுட் என்ற தூக்கிலிடுபவர். அன்று முதல் தூக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேலையாயிற்று. டெல்லி சிறை விதிகளின்படி 45 கிலோவுக்குக் குறைந்தவர் 2.44 மீட்டர் விழ வேண்டும், 90 கிலோவைத் தாண்டியவர் 1.83 மீட்டர் விழுந்தால் போதும். கைதியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு கனமுள்ள மணல் மூட்டையை முன்கூட்டியே விழச்செய்து கயிற்றைச் சோதிப்பார்கள். நம் ஊர்ப் பேரேட்டில் ஒரு காசு பிசகினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இங்கே தொலைவு குறைந்தால் மூச்சுத் திணறும், கூடினால் தலையே துண்டாகும். 2007 சனவரியில் சதாம் உசேனின் சகோதரர் பர்சானுக்கு ஈராக்கில் நேர்ந்தது அதுதான்.

தூக்கு விரைவானது, தேவையற்ற வேதனை தராதது என்று நம் உச்ச நீதிமன்றம் 1983-ல் தீனா வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால், தூக்கிலிடப்பட்டவரின் உடலைக் கட்டாயம் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டதோ 2014-ல். கழுத்து முறிந்ததா, நெரிந்ததா என்று திறந்து பார்க்கும் கட்டாயம் வருவதற்கு 31 ஆண்டுகள் முன்பே வலியில்லை என்று முடிவு கட்டியாயிற்று என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இனி, பேரன் சொல்லும் ஊசி. 1982-ல் டெக்சாசில் முதன்முதலாகப் பயன்பட்ட இம்முறையில் மயக்க மருந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து, இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு என மூன்று மருந்துகள் அடுத்தடுத்து ஏறும். சிக்கல் நடு மருந்தில் இருக்கிறது. முதல் மருந்து சரியாக வேலை செய்யாவிட்டால் மூன்றாவது மருந்து இரத்தக் குழாயில் நெருப்பாய் எரியும். ஆனால் இரண்டாவது மருந்து விரலைக்கூட அசையவிடாது என்பதால், கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்கு அவர் அமைதியாக உறங்குவதாகவே தோன்றும். 2014-ல் ஓக்லஹோமாவில் கிளேட்டன் லாக்கெட்டின் தொடை இடுக்கில் ஏற்றிய மருந்து இரத்தக் குழாயில் செல்லாமல் சதைக்குள் கசிந்ததை மேலே போர்த்திய துணி மறைத்துவிட்டது. அவர் இறக்க 43 நிமிடங்கள் ஆயின. மின்சார நாற்காலியும் 1890-ல் மனிதாபிமானத்தின் பேரால்தான் வந்தது. 2024 சனவரியில் அலபாமாவில் தொடங்கிய நைட்ரஜன் வாயுவுக்கும் அதே சான்றிதழ்தான்.

என் கருத்தில், இம்முறைகள் மாறி மாறி வந்ததெல்லாம் சாகிறவரின் வலியைவிடப் பார்க்கிறவரின் சங்கடத்தைக் குறைப்பதற்காகவே. சாகிறவரின் பக்கம் நின்று அளந்தால், கடைசி நொடிகளைவிட அதற்கு முந்தைய ஆண்டுகள்தான் கனமானவை. விடியற்காலையில் வார்டரின் காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் தனக்குத்தானோ என்று ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருப்பதை எந்த ஊசியும் ஈடு செய்யாது. ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் முடிவின்றிக் கிடந்த காரணத்தால்தான். கயிறா, ஊசியா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

கேள்வி: துப்பாக்கியால் சுட்டு மரண தண்டனை நிறைவேற்றும் வழி நம் சட்டத்தில் உண்டா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உண்டு. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டப்படி, தூக்கா, துப்பாக்கியா என்பதை ராணுவ நீதிமன்றமே தீர்ப்பில் குறிப்பிட வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றவாளிக்கு இல்லை. பொது நீதிமன்றங்களின் தண்டனைக்குத் தூக்கு மட்டுமே. ஊசியையும் ஒரு மாற்று வழியாகச் சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 2003-ல் அளித்த பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.