உதவித்தொகை கிடைத்துவிட்டது, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர் நான். ஆராய்ச்சிக்கு ஓராண்டு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள். எதைக் கவனிப்பது?

பதில்: முதலில் வாழ்த்துகள்! தொகை எழுதியிருக்கும் பக்கத்தோடு நிறுத்தாமல் முழுவதையும் படித்துவிடுங்கள். ஆய்வு நெறிப்படி நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இல்லாமல் முதல் தவணையையே விடுவிக்காத அமைப்புகள் உண்டு, அந்தக் குழு ஒரு திருத்தம் கேட்டாலே வாரங்கள் ஓடிவிடும் என்பதால் அந்த விண்ணப்பத்தை இன்றே தொடங்குங்கள். நோயாளிகளிடம் ஒரு சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வா? முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் இதைக் கேட்கின்றன. பிந்திப் பதிந்தால் கட்டுரை திரும்பி வரலாம்.

அப்புறம், பலர் சறுக்குவது பணக் கணக்கில்தான். ஆய்வகப் பொருளுக்கென்று தந்ததை மாநாட்டுப் பயணத்துக்குச் செலவழிக்க எழுத்தில் அனுமதி வேண்டும், துறைத்தலைவர் நடைபாதையில் நின்று "பரவாயில்லை, எடுத்துக்கோங்க" என்று சொன்னது கணக்கில் வராது. ரசீதுகளை அன்றன்றே படமெடுத்து வையுங்கள், வெப்பத்தாள் ரசீது சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மிச்சப் பணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

இன்னொரு உதவித்தொகையும் வாங்குகிறீர்களா, வாரத்தில் சில நாள் அறுவை அரங்கில் வேலையா? இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்தது தெரிந்தால் தொகையையே நிறுத்தலாம். உடல்நலமோ மகப்பேறோ குறுக்கிட்டால் அறிக்கைக் கெடு தாண்டும்வரை காத்திருக்காமல் உடனே எழுதுங்கள், இடைநிறுத்தம் கேட்கப் பல அமைப்புகளில் வழி இருக்கிறது.