மலைப்பகுதியில மரச்சிற்பம் செதுக்குறவங்க வாழ்க்கை நிஜத்துல எப்படி இருக்கும்?

இத்தாலி வடக்குல, டோலோமைட்ஸ் மலைக்குள்ள வல் கார்தேனான்னு ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. அங்க ஓர்ட்டிசேய்ங்கற ஊர்ல ஒரு ஹோட்டல் கிச்சன்ல ரெண்டு குளிர்காலம் வேலை பார்த்தேன். வாடகைக்கு இருந்த வீட்டோட ஓனர் மரச்சிற்பி, கீழ் ஃப்ளோர் முழுக்க அவர் பட்டறைதான். எங்க அப்பா தச்சு வேலை செய்யறவர், அதனால லீவு கிடைச்சா நான் அங்கதான் கிடப்பேன். அதை வச்சு சொல்றேன்.

ஊரே 1200 மீட்டருக்கு மேல, பனி விழுந்துட்டா வயல் வேலை கிடையாது. 17ஆம் நூற்றாண்டுல விவசாயிங்க குளிர்கால வருமானத்துக்குன்னு கையில எடுத்த தொழில் இது, அப்புறம் பொம்மை, சாமி சிலைன்னு செஞ்சு ஐரோப்பா முழுக்க முதுகுல சுமந்துட்டுப் போய் வித்திருக்காங்க. அந்தக் காலத்து கை கால் அசையற மரப் பொம்மைகளை ஊர் மியூசியத்துல இன்னைக்கும் பார்க்கலாம்.

வீட்டு ஓனர் செதுக்கறது சிர்மோலோங்கற பைன் மரத்துல, மலையில மரம் வளர்ற கடைசி உயரம் வரைக்கும் அது நிக்கும். உளிக்கு மெத்துன்னு இருக்கும், பட்டறைக் கதவைத் திறந்தாலே வாசனை ஆளைத் தூக்கும், ஆனா கணு ஜாஸ்தி. ஒரு நாள் மாதா சிலைக்கு எடுத்த கட்டையை ரொம்ப நேரமா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டே இருந்தார், என்னன்னு கேட்டா கன்னம் வர்ற இடத்துல செவப்பா ஒரு கணு இருக்குன்னு பென்சிலால காட்டினார், அப்புறம் கட்டையைக் கொஞ்சம் சாய்ச்சு, அந்தக் கணு முக்காட்டு மடிப்புக்குள்ள போற மாதிரி புதுசா கோடு போட்டார். சிலை முடிஞ்சப்ப மாதா குழந்தையைக் குனிஞ்சு பார்க்கிற மாதிரி அவ்வளவு அழகா இருந்துச்சு. அந்த சாய்வு ஒரு கணுவால வந்ததுன்னு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

பெரிய சிலைன்னா முதுகுப்பக்கம் குடைஞ்சு எடுத்துடுவாங்க, இல்லேன்னா மரம் காயும்போது வெடிச்சிடும்.

வருமானம்னு பார்த்தா வேற கதை. ஒரே சிலையைப் பல நகல் எடுக்கற மெஷின் இருக்கு, அதுல ஒரு மூலச் சிலை மேல ஒரு முனை ஓட ஓட, பக்கத்துல வரிசையா இருக்கிற கட்டையை எல்லாம் கட்டர் அதே மாதிரி குடைஞ்சிடும், கடைசி செதுக்கலும் பெயின்ட்டும் மட்டும் கையால. அவருக்கும் மாசச் செலவு ஓடினது பெரும்பாலும் அந்த ஃபினிஷிங் வேலையிலதான். அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன், அது இல்லேன்னா பட்டறையே இருந்திருக்காது. ஆனா மெஷின்ல வந்ததை முழுக்கக் கைவேலைன்னு சொல்லி விக்கிறது தப்பு, வாங்கறவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

அவரே முழுசா செதுக்கற சிலைன்னா கண்ணை மட்டும் காலைலதான் செய்வார், ஜன்னல் வெளிச்சத்துல, லைட்டை அணைச்சுட்டு. சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் உளிகளைத் தீட்டறதுக்கே போயிடும்.

கிளம்பும்போது ஒரு சின்னத் துண்டு சிர்மோலோ குடுத்தார். ஊருக்கு வந்து அப்பா கையில குடுத்தேன், மோந்து பார்த்துட்டு, வெளிச்சத்துல திருப்பித் திருப்பி கணு எங்க இருக்குன்னுதான் முதல்ல தேடினார்.