பற்றவைத்த இடமே மறுபடி ஒழுகினால்: பழைய ஜீப் ரேடியேட்டர் கேள்வி-பதில்

பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறேன். எந்த ரேடியேட்டர் பொருந்தும்?

எஞ்சின் எது என்று எழுதவில்லை, ஓர் அளவும் தரவில்லை. இந்த மாதம் இதே கேள்வி நாலாவது தடவை. முப்பது நாற்பது வருட வண்டியில் முதலில் வந்த எஞ்சினே இன்னும் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் வண்டியின் வருடத்தைச் சொல்லித் தேடாதீர்கள். எஞ்சின் பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, அதை வைத்துத் தேடுங்கள். பிறகு டேப்பை எடுங்கள். மேல் கீழ் டேங்க்கைச் சேர்க்காமல் கோரின், அதாவது நடுவில் டியூபும் ஃபின் என்னும் மெல்லிய தகடுகளும் உள்ள பாகத்தின், உயரம், அகலம், தடிமன். டியூப் எத்தனை வரிசை. ஹோஸ் மாட்டும் மேல் வாய், கீழ் வாய் எந்தப் பக்கம், வெளி விட்டம் என்ன. போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு. கடைசியாக, எல்லோரும் மறப்பது, மூடி உட்காரும் கழுத்தின் ஆழம். இது ஏறக்குறைய 19 மி.மீ., 25 மி.மீ. என்று இரண்டு வகையில் வரும். மாற்றிப் போட்டால் மூடி திருகி உட்கார்ந்ததுபோலத் தெரியும், ஆனால் அழுத்தம் நிற்காது.

என் மாடலுக்குப் புது ரேடியேட்டரே வருவதில்லை. அலுமினியத்துக்கு மாறிவிடவா?

அவசரம் வேண்டாம். டேங்க்குகளும் பக்கச் சட்டங்களும் நன்றாக இருந்தால் கோரை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பழைய பித்தளை டேங்க்கை எடைக்குப் போட்டுவிட்டு வந்து கேட்பவர்களுக்கு என்னிடம் வழியில்லை. கோர் சொல்லும்போது ஃபின் நெருக்கத்தையும் சொல்லுங்கள். சேற்றில் போகிற வண்டிக்கு இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அதைவிட நெருக்கினால் ஒரே ஓட்டத்தில் சேறு அடைத்துக்கொள்ளும், கழுவி எடுப்பதும் பாடு. கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, சாதாரண ஹோஸ் தண்ணீரில்தான். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் ஃபின் படுத்துவிடும்.

லீக் பவுடர் போடலாமா?

ஓட்டையையும் அடைக்கும், ஹீட்டர் கோரையும் அடைக்கும், பாதி அடைத்த டியூப்களை முழுசாகவும் அடைக்கும். போடாதீர்கள்.

7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடிக்குப் பதில் 15 போட்டால் கொதிப்பது நிற்கும் என்கிறார்களே?

ஒரு பிஎஸ்ஐக்குக் கொதிநிலை ஒன்றரை டிகிரி சொச்சம்தான் ஏறும். எட்டு கூட்டினால் 12, 13 டிகிரி கிடைக்கும். அதற்காக 7-க்குச் செய்த ஈயத் தையலில் இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றுகிறீர்கள். வண்டி கொதித்தால் கோர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பெல்ட் என்று காரணத்தைத் தேடுங்கள்.

மேல் டேங்க் கோரோடு சேருகிற இடத்தில், வலது மூலையில் ஒழுகுகிறது. ஒரே வருடத்தில் மூன்று தடவை ஈயம் வைத்தாயிற்று. ஈயம் தரமில்லையா?

ஈயத்தின் மேல் பழி போடாதீர்கள். அரிப்பால் ஒழுகினால் எங்கு வேண்டுமானாலும் பொத்தல் விழும். ஒரே மூலை திரும்பத் திரும்பப் பிளந்தால் ரேடியேட்டரை ஏதோ முறுக்குகிறது என்று அர்த்தம். முறுக்குவது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஒரு முன் சக்கரம் பாறையில் ஏறி அதே பக்கத்துப் பின் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பழைய ஏணிச் சட்டம் நெளியும். நெளியத்தான் வேண்டும். அந்த நெளிவு ரேடியேட்டருக்கு ஏறாமல் தடுப்பது அடியில் இருக்கும் இரண்டு ரப்பர்கள்.

கழற்றிப் பாருங்கள். ரப்பர் காகிதம்போல நசுங்கியிருக்கும். இல்லையென்றால் ரப்பரே இருக்காது, அந்த இடத்தில் இரண்டு இரும்பு வாஷரைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். ரப்பர் தொலைந்தால் வாஷர் போடும் இந்தப் பழக்கம் தின்ற ரேடியேட்டர்களைச் சேற்றுக்கும் துருவுக்கும் பலியானவற்றோடு ஒப்பிட்டால் எது அதிகம் என்று சொல்ல முடியாது. பற்றவைப்பவர் ரேடியேட்டரை மட்டும் பார்க்கிறார், மாட்டுபவர் போல்ட்டை மட்டும் பார்க்கிறார். நடுவில் உள்ள ரப்பரை யாரும் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். எட்டுப் பத்து மி.மீ. தடிமனுள்ள கெட்டி ரப்பரை பிராக்கெட்டுக்கு மேலும் கீழும் வையுங்கள். துளைக்குள் ரப்பரைவிடக் கொஞ்சம் குட்டையான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் போல்ட் ரப்பரை நசுக்காது. ரப்பர் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். நட் கழலாமலிருக்க நைலாக் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போடுங்கள், இறுக்கத்தை நம்பாதீர்கள். மேலே தாங்குகம்பி இருந்தால் அதன் முனைக்கும் ரப்பர் உண்டு. எல்லாம் மாட்டியபின் டேங்க்கைக் கையால் தள்ளினால் சில மி.மீ. அசைந்து திரும்ப வேண்டும். பாறைபோல நின்றால் மறுபடி கழற்றுங்கள்.

இனிப் பற்றவைப்பு. பழைய ஈயத்தின் மேலேயே ஈயம் பூசியிருப்பார்கள், பந்தயம் கட்டலாம். பழையதை உருக்கி எடுத்து, பித்தளை பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பூச்சு) தடவியபின்தான் புது ஈயம். அது 185 டிகிரிவாக்கிலேயே இளகத் தொடங்கும். நெருப்பு டார்ச்சை நெடுநேரம் பிடித்தால் பக்கத்து டியூப் மூட்டும் சேர்ந்து திறக்கும். பெரிய சால்டரிங் அயர்ன் நல்லது, பக்கத்து மூட்டில் ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஃப்ளக்ஸ் அமிலம், வெந்நீரில் கழுவாவிட்டால் அதுவே அரிக்கும். பிறகு வாய்களை அடைத்து, தண்ணீரில் அமுக்கி, மூடியின் அளவுக்குக் காற்றேற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். குமிழி வந்தால் மாட்டாதீர்கள்.

ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் நனைகிறது, ஓட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஓட்டை ரேடியேட்டரில்தான் என்று யார் சொன்னது? வாட்டர் பம்ப் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சீல் போனால் அங்கிருந்து சொட்டும், ஃபேன் அதை எங்கும் தெளிக்கும். எஞ்சின் ஆறியபின் கைபம்ப்பால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும் இடம்தான் திருடன்.

எங்கும் சொட்டவில்லை. ஆனால் தினமும் அரை டம்ளர் குறைகிறது.

கழுத்துவரை நிரப்புகிறீர்களா? ரிசர்வ் பாட்டில் இல்லாத வண்டியில் இரண்டு மூன்று செ.மீ. இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறியதும் அதுவே வழிந்து கொட்டும். அளவு தானாக நின்றுவிட்டால் கோளாறே இல்லை. தொடர்ந்து குறைந்தால், ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து கழுத்தில் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) பக்கம் போங்கள்.

ஆழமான ஓடையைக் கடந்ததும் கோரில் வட்டமாகக் கீறல்.

தண்ணீருக்குள் சுழன்ற ஃபேன் முன்னோக்கி வளைந்து கோரைத் தொட்டிருக்கிறது. அடுத்த முறை இறங்குமுன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப்பும் நிற்கும் என்பதால் ஏறியதும் உடனே மாட்டுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டையும் பாருங்கள், அது அமுங்கினால் ஃபேன் கோரைத் தொட ஓடையே தேவையில்லை. மறுபடியும் ரப்பர்தான்.

காட்டுவழியில் ஒரு டியூப் கிழிந்தால்?

ஆறட்டும். சுற்றியுள்ள ஃபின்னைப் பிய்த்து, டியூபை நறுக்கி, இரு முனையையும் பிளையரால் நசுக்கி மடித்துவிடுங்கள். மூடியை முதல் பல்லில் மட்டும் வைத்தால் அழுத்தம் ஏறாது. நீர் ஊற்றியபடி மெதுவாக வீடு சேரலாம். ஒன்றிரண்டு டியூப் போனால் பெரிய நஷ்டமில்லை.

பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர், விளிம்பில் கசிவு. ஈயம் வைக்கலாமா?

பிளாஸ்டிக்கில் ஈயமா? உள்ளே ரப்பர் வளையம் கெட்டிருக்கும். மடிப்புப் பற்களைத் திறந்து வளையத்தை மாற்றலாம். பற்கள் உடைந்தால் புதுசுதான்.

கனமான துணி போட்டு, சூடான மூடியை மெல்லத் திறக்கலாம்தானே?

கூடாது. மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருக்கும்வரை மூடி பக்கமே போகாதீர்கள்.