பெரிய தோட்டத்தில் குட்டைச் செக்கோயா: கேள்வி பதில்

செக்கோயா என்பது கலிபோர்னியாவின் ராட்சத ஊசியிலை மரம், 'ஜயண்ட் ரெட்வுட்' என்றும் சொல்வார்கள். என்னிடம் இரண்டு செக்கோயாக்கள் நிற்கின்றன. ஒன்று விதையில் வந்த சாதாரண மரம், மற்றது 'பிக்மேயம்' என்கிற குட்டை ரகம். ஒரே வருடம் நட்டவை. முதலாவதின் உச்சியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், இரண்டாவது என் தோள் உயரம். இந்த மரத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ரோஜாவுக்குப் பூச்சிமருந்து கேட்காதீர்கள்.

அக்கா, எங்கள் தோட்டம் அரை ஏக்கர். 'குட்டை' என்று சீட்டு கட்டிய செக்கோயா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எவ்வளவு உயரம் போகும்? வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நடலாம்?

சீட்டை நம்பி இடம் ஒதுக்காதீர்கள். ஊசியிலைச் செடி விற்பவர்கள் 'குட்டை' என்றால் மெதுவாக வளரும் என்று பொருள். ஒரு உயரத்தில் நின்றுவிடும் என்று யாரும் உறுதி தரவில்லை. சீட்டில் இருக்கும் உயரம் பெரும்பாலும் 10 வருடக் கணக்கு. 11ஆம் வருடம் மரம் ஓய்வு பெறாது.

விதை மரம் வேர் பிடித்தபின் வருடத்துக்கு அரை மீட்டர் சர்வசாதாரணமாக ஏறும். பிக்மேயம் ஒரு சாண் போனாலே அதிகம். அடர்ந்து, கூம்பிய புதராக உட்கார்ந்திருக்கும். 'பஜோயெகா' என்ற ரகமும் இதே சுபாவம். 'பெண்டுலம்' என்று இன்னொன்று விற்கிறார்கள். அது ஒல்லிதான், குட்டை இல்லை. கிளையெல்லாம் தொங்க, உச்சி நினைத்த பக்கம் வளைந்து, பல மீட்டர் போகும்.

இனி நான் எல்லோரிடமும் சொல்கிற எச்சரிக்கை: மீறும் தண்டு. பிக்மேயத்தின் உடம்பு முழுக்கக் குறுகிய செதில் இலைகள் நெருக்கியடித்து, தடவினால் கையைச் சுரண்டும். ஒரு கோடையில் அதற்குள்ளிருந்து பென்சில் கனத்தில் ஒரு தண்டு நேராக எழும். இலைகள் இடைவெளி விட்டு நிற்கும், மற்றதெல்லாம் விரற்கடை வளர்ந்தபோது இது மட்டும் முழம் போயிருக்கும். பழைய ராட்சத மரம் தலைதூக்குகிறது என்று அர்த்தம். நுனியைக் கிள்ளினால் போதாது, பிறந்த இடத்திலேயே வெட்ட வேண்டும். நான் "பார்க்க அழகாக இருக்கிறதே" என்று இரண்டு கோடை விட்டுவைத்தேன். வெட்டியபோது புதரின் நடுவில் ஒரு குடம் வைக்கிற அளவுக்குப் பள்ளம். அது மூட ஐந்து வருடம் ஆயிற்று.

தூரம்: குட்டை ரகமென்றால் சுவரிலிருந்து 4 மீட்டர் போதும், மீறும் தண்டை வெட்டுவேன் என்று உங்களுக்கே நம்பிக்கை இருந்தால். விதை மரமென்றால் 15 மீட்டருக்குக் குறைத்து நான் நடமாட்டேன். பிரிட்டனில் 1850களுக்குப் பிறகு நட்டவற்றில் சில இன்று 50 மீட்டரைத் தாண்டிவிட்டன. அடிமரமே ஓர் அறை அகலம்.

வருடம் முழுக்க வெயில் அடிக்கும் சமவெளியில் வளருமா?

வளராது. இதன் சொந்த இடம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவு, ஏறக்குறைய 1,400 முதல் 2,150 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி மூடும், அந்தப் பனி உருகித்தான் வறண்ட கோடைக்கு மண்ணில் ஈரம் இருக்கும். குளிர் ஓய்வும் இல்லாமல், இரவிலும் புழுங்கும் இடத்தில் வேரழுகலும் கிளைக்கருகலும் முந்திக்கொள்ளும்.

நடும் முறையைச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு முழ ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம், மேடான இடம் பாருங்கள். நாள் முழுக்க வெயில் விழ வேண்டும். நிழலில் அடிக்கிளை வெளுத்துக் காயும், குட்டை ரகத்தில் அடிக்கிளை போனால் பிறகு என்ன இருக்கிறது?

குழி வேர்க்கட்டியின் ஆழமே இருக்கட்டும், அகலம் மூன்று மடங்கு. இலையுதிர்காலமோ இளவேனிலின் தொடக்கமோ நல்லது. குட்டை ரகங்கள் பெரும்பாலும் சாதாரணச் செக்கோயா வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியவை. ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் அது வேர்ச்செடி, உடனே கிள்ளுங்கள்.

தொட்டியைக் கழற்றியதும் வேரைப் பாருங்கள். இதில் நான் பட்டது உண்டு. நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து வாங்கிய கன்று. வேர் உள்ளேயே வட்டமாகச் சுற்றியிருந்ததைக் கவனிக்காமல் அப்படியே இறக்கிவிட்டேன். ஆறு வருடம் பச்சையாகத்தான் நின்றது. ஏழாம் வருடம் ஒரு காற்றுக்குச் சாய்ந்தது. தோண்டினால் வேர் தொட்டியின் வடிவத்திலேயே, கயிற்றுச் சுருள் மாதிரி. சுற்றிய வேரைக் கத்தியால் மூன்று இடத்தில் கீறிப் பிரித்துவிடுங்கள். முதிர்ந்த மரத்துக்கும் ஆணிவேர் கிடையாது, பக்கத்தில் பரவும் வேர்தான் அவ்வளவு எடையையும் தாங்குகிறது.

முதல் மூன்று கோடைக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். தினம் ஒரு குவளை ஊற்றுவது வேரை மேலேயே பழக்கிவிடும். மரத்தூளோ பட்டைத்துண்டோ நாலு விரல் கனம் பரப்புங்கள், தண்டில் முட்டாமல்.

இலை பழுப்பாகிறது. செத்துவிட்டதா?

எந்த இலை, எப்போது என்று சொல்லாமல் இந்தக் கேள்வி நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. குளிர்காலத்தில் இளஞ்செடி முழுதும் செம்பு நிறம் அடித்தால் கவலை வேண்டாம், இளவேனிலில் பச்சை திரும்பும். இலையுதிர்காலத்தில் உட்பக்கத்துப் பழைய இலை மட்டும் காய்ந்து உதிர்வதும் வழக்கம். செடி மொத்தமும் ஒரேயடியாக மங்கினால் வேரைப் பாருங்கள், தண்ணீர் இல்லை அல்லது தேங்குகிறது. ஆனால் பச்சைக்கு நடுவில் அங்கொரு கிளை இங்கொரு கிளை துரு நிறத்தில் காய்ந்தால், அது பெரும்பாலும் போட்ரியோஸ்பேரியா என்ற பூஞ்சை. வறட்சியில் தவித்த மரத்தில் நுழையும். நுழைந்தபின் தெளிக்கிற மருந்தால் பயனில்லை. நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சாராயத்தில் துடைத்து, அடுத்த கோடையில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

'ரெட்வுட்' என்றால் செம்மரம்தானே? தமிழில் ராட்சதச் செம்மரம் என்றே எழுதலாமே அம்மா.

எழுதக்கூடாது. செம்மரம் என்றால் பயறு குடும்பத்து மரம், கடத்தல் செய்தியில் வருவது. இது சைப்ரஸ் குடும்பம். செம்மரத் தோட்டம் போட்டிருக்கிறேன் என்று இதை நீங்கள் சொன்னால் யார் யாரோ விசாரிக்க வருவார்கள்.

செம்மரம் கேட்டவர் மீண்டும்: அப்படியானால் எல்லாவற்றுக்கும் அந்நியப் பெயர்தானா? 'மாமரம்' மாதிரி அழகாக ஒன்று வைக்க முடியாதா?

வையுங்கள். ஏற்கெனவே வேறொன்றுக்கு உள்ள பெயரைப் பிடுங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த மரமே அந்தத் தவறில் மாட்டியது. 1853இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி இதற்கு வெலிங்டோனியா என்று பெயரிட்டார். அதற்கு முந்தைய வருடம் இறந்த பிரிட்டன் தளபதி வெலிங்டன் பிரபுவின் நினைவாக. எங்கள் மண்ணில் நிற்கும் மரத்துக்கு உங்கள் தளபதி பெயரா என்று அமெரிக்காவில் கொதித்து, வாஷிங்டோனியா என்று பதிலுக்கு ஒன்று வைத்தார்கள். இரண்டும் நிலைக்கவில்லை. வெலிங்டோனியா என்ற பெயர் முன்னமே வேறொரு தாவரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது, விதிப்படி செல்லாது. கடற்கரை ரெட்வுட் இருக்கும் செக்கோயா பேரினத்தில் சேர்த்தார்கள், பிறகு 1939இல் அமெரிக்கத் தாவரவியலாளர் புக்ஹோல்ஸ் தனியாகப் பிரித்து செக்கோயாடென்ட்ரான் என்றார். பிரிட்டனில் இன்றும் பலர் வெலிங்டோனியா என்றுதான் சொல்கிறார்கள்!

வேறொருவர்: செக்கோயா என்பது ஒரு மனிதரின் பெயராமே?

ஆமாம். அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கிகளின் மொழிக்குத் தனியாளாக எழுத்து வடிவம் செய்து தந்தவர், 1821இல் அது முழுமையானது. 'செக்கோயா' என்ற பேரினப் பெயரை வைத்த எண்ட்லிக்கர் தாவரவியலோடு மொழியியலும் படித்தவர், அவரை எண்ணித்தான் வைத்தார் என்பது பரவலான கருத்து. ஓர் எழுத்தைப் படைத்தவரின் பெயரை அந்நியம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

செம்மரம் கேட்டவர்: சரி, செக்கோயா இருக்கட்டும். ஆனால் கடற்கரை ரெட்வுட், விடியல் ரெட்வுட், இது, மூன்றுக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச்சொல் வேண்டாமா?

வேண்டாம். மூன்றும் வேறு வேறு. கடற்கரை மரம் உலகிலேயே உயரமானது, 115 மீட்டரைத் தாண்டியது ஒன்று உண்டு. மூடுபனியில் வளரும், வெட்டினால் அடியில் துளிர்க்கும். விடியல் ரெட்வுட் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும், 1941இல் முதலில் புதைபடிவமாகப் பெயர் பெற்று, பிறகுதான் சீனாவில் உயிரோடு கிடைத்தது. நம்முடையது கனத்தில் பெரியது. ஜெனரல் ஷெர்மன் என்ற மரம் 83.8 மீட்டர் உயரம், தண்டு மட்டும் ஏறக்குறைய 1,487 கன மீட்டர். ஒரே பெயரில் கட்டினால், ஈர நிலம் தாங்குகிற விடியல் மரத்தின் யோசனையைக் கேட்டு நீங்கள் செக்கோயாவைச் சேற்றில் நடுவீர்கள். பெயர்ச் சண்டை போதும்.

குட்டை ரகத்தின் விதை கிடைக்குமா?

குட்டை ரகம் விதையில் வராது, ஒட்டு அல்லது போத்துதான். பையில் 'குட்டை விதை' என்று விற்றால் வாங்காதீர்கள். சாதாரண விதை ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 200 நிற்கும், அவ்வளவு பொடி. முளைத்தபின் தண்டழுகலில் பாதி போகும்.

விதைக்கு நெருப்பு வேண்டுமாமே? தோட்டத்தில் தீ மூட்டலாமா?

வேண்டாம்! காட்டில் காய்கள் பச்சையாகவே 20 வருடம் வரைகூட மூடிக்கிடக்கும், தீயின் சூடு அவற்றைத் திறக்கும், தரையைச் சுத்தமாக்கும். உங்கள் செடிக்கு அதில் எதுவும் தேவையில்லை. அளவு மீறினால் காடே தாங்குவதில்லை. 2020இல் கலிபோர்னியாவில் பரவிய 'கேசில்' காட்டுத்தீயில் மட்டும் பெரிய செக்கோயாக்களில் 10 முதல் 14 சதவீதம் அழிந்ததாகக் கணித்தார்கள்.

அக்கா, எங்கள் பக்கம் வெயில் அதிகம், நிழல்வலை கட்டினால்...

மேலே சொல்லிவிட்டேன்.

குளிர்சாதன அறையில் தொட்டியில்...?

இல்லை.

விதை மரம் ஒன்று ஏற்கெனவே 3 மீட்டர் வந்துவிட்டது. உச்சியை வெட்டினால் குட்டையாகவே நிற்காதா?

நிற்காது. பக்கத்துக் கிளை ஒன்று நிமிர்ந்து தலைமை ஏற்கும், சில சமயம் இரண்டு. இரட்டை உச்சி கனத்துக் கவட்டில் பிளக்கும். அடிமரம் எப்படியும் பருத்துக்கொண்டே போகும். இடம் இருந்தால் வளர விடுங்கள், இல்லாவிட்டால் இந்த அளவிலேயே எடுத்துவிடுங்கள். இருபது வருடம் கழித்து ஆள் வைத்துக் கயிறு கட்டி இறக்குவதைவிடச் சுலபம்.

பனி கனத்துப் பிக்மேயத்தின் நடு பிளந்துவிட்டது. என்ன செய்வது?

கிளை முறியாமல் வளைந்துதான் கிடக்கிறதென்றால், பனியைக் கீழிருந்து மேலாகத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, அகலமான துணிப்பட்டையால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். இளவேனிலில் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டிய துணி மரப்பட்டையைத் தின்னும். முறிந்ததைச் சுத்தமாக வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்கு வெளிச்சம் விழும், அங்கிருந்துதான் மீறும் தண்டு வரும். ஜூனில் ஒருமுறை குனிந்து உள்ளே பாருங்கள்.