அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை பேசுங்கள், தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 49 வயது. மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறையில் இருக்கிறேன். 26 வருடமாக இன்னிசைக் குழுவில் பாடுகிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, டின்னர் என்று வடக்கில் நான் ஏறாத மண்டபம் இல்லை. இப்போது மேடை என்றாலே வெறுப்பாக இருக்கிறது. பேசிய காசைத் தருவதில்லை. பாடும்போது ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சென்னையிலிருந்து யாராவது வந்தால் மட்டும் டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். போன மாதம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த 19 வயதுப் பெண், முதல் முறை மேடையேறும் முன் என் காலைத் தொட்டு ஆசீர்வாதம் கேட்டாள். "இது நாய்ப் பிழைப்பு. யாரும் உனக்குக் கை தட்டப் போவதில்லை. உருப்படியாக ஒரு வேலை தேடிக்கொள்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே பாடினாள். அப்புறம் ஒத்திகைக்கு வரவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன்? ஆனாலும் தூக்கம் வரவில்லை. பாட்டையே விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், பிறை

பதில்: தம்பி, தூக்கம் வரவில்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. முழுக்கக் கசந்துபோன மனுஷன் நன்றாகத் தூங்கிவிடுவான்.

நானும் மேடையில் நின்றவள்தான். பினாங்குத் தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் திறக்காத காலத்தில், அதாவது 1985-க்கு முன்னால், ஜார்ஜ் டவுனில் ஒரு குழுவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி அக்கரையில் ஒரு கல்யாணம். மத்தியானம் மூன்று மணிக்கே போய் மைக் கட்டி, ராத்திரி பத்தரை வரை பாடினோம். விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தட்டு கொடுத்தார்கள். சோறு இருந்தது, குழம்பு இருந்தது, கறி தீர்ந்துவிட்டது. தபேலா வாசிக்கும் மாமா தன் பங்குக்கு வந்த இரண்டு வடையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வீட்டில் பிள்ளை விழித்திருப்பான் என்றார். ஏற்பாட்டாளர் கொடுத்த உறையைப் பிரித்தால் 80 வெள்ளி (ரிங்கிட்) குறைகிறது. ஏன் என்று கேட்டதற்கு, "நடுவில் மைக் கத்தியதே" என்றார். அவர் வைத்திருந்த மைக்தான் அது.

கடைசி ஃபெர்ரியில் நாங்கள் யாரும் பேசவில்லை. நான் அன்றோடு பாட்டை விட்டேன். நாலு வருடம். வானொலியில் பாட்டு வந்தால் எழுந்துபோய் மூடிவிடுவேன். அதனால் உங்கள் வெறுப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை, தம்பி. அது வானத்திலிருந்து விழுந்ததில்லை. ஒவ்வொரு ராத்திரியும் 50 வெள்ளி, 100 வெள்ளியாகச் சேர்ந்தது.

உங்கள் காலம் எங்கள் காலத்தைவிடவும் மோசம் என்பதும் தெரியும். பதினொரு பேர் ஏறிய மேடையில் இப்போது ஒரு லேப்டாப்பும், குரல் இல்லாமல் இசை மட்டும் ஓடும் மைனஸ் ஒன் டிராக்கும் இருந்தால் போதும். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் யாராவது வந்துவிட்டால் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார்கள். 2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் மேடைக்காரர்கள் பிழைப்பில்தான் முதலில் மண் விழுந்தது. அந்த நாட்களில் கீபோர்டை விற்று அரிசி வாங்கினவர்களை எனக்கே தெரியும். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத முடியாத அளவுக்கு வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கடன்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, உங்களுக்கு வர வேண்டிய காசு. இன்னொன்று, வர வேண்டிய மரியாதை. காசைக் கேட்டு வாங்கலாம். மரியாதையை அப்படி வாங்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டு, கேட்டு வாங்க முடியாததை நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் காசு. பேசிய தொகையைத் தரவில்லை என்றால் அது ஒப்பந்த மீறல், வாய்ப்பேச்சாக இருந்தாலும் சரி. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை என்று ஒன்று உண்டு. 5,000 வெள்ளி வரைக்கும் அதில் கேட்கலாம், படிவம் 198-ஐ நிரப்பி நீங்களே தொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருடம் கெடு இருக்கிறது. அதனால் போன வருடம் ஏமாற்றியவரை இன்றைக்கும் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் தொகை பேசியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், சாட்சியே அதுதான். இனிமேல் தேதி, நேரம், தொகை, சாப்பாடு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணம் முன்பணமாக வராமல் தேதி கொடுக்காதீர்கள். நாலு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். அந்த நாலு பேர்தான் உறையில் குறைத்து வைத்துக் கொடுக்கிறவர்களாக இருப்பார்கள்.

அப்புறம், 49 வயதில் உங்களுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஏதாவது இருக்கிறதா? சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு அதில் ஐ-சாரான் என்ற சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருடத்தில் நீங்கள் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. 2025 முதல் வருடத்துக்கு 500 வெள்ளி வரை கிடைக்கும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் சுயதொழில் காப்புறுதியிலும் கலைஞர்களைச் சேர்த்திருக்கிறார்கள். மேடை இறங்கும்போது கால் பிசகி விழுந்தால் இப்போது உங்களுக்கு யார் பார்ப்பார்கள்? இந்த இரண்டுக்கும் அடுத்த வாரமே போய் வாருங்கள்.

சரி, மரியாதைக்கு வருகிறேன். இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் ஜனங்கள் உங்களை நிமிர்ந்து பார்க்காததற்கு உங்கள் குரல் காரணமில்லை. நீங்கள் பாடுவது சினிமாப் பாட்டு. அதை முதலில் பாடியவரின் குரல் அவர்கள் காதில் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தால் கூட்டம் போகத்தான் செய்யும். கல்யாணத்தில் நீங்கள் பாடும்போது அவர்கள் பத்து வருடம் பார்க்காத சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உங்கள் பாட்டு ஓடுகிறது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 26 வருடம் அதற்குப் பின்னாலேயே நின்றால் யாருக்கும் மனசு ஒடியும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நம் பினாங்கிலேயே 1929-ல் பிறந்தவர் மலாய் நடிகரும் பாடகரும் இயக்குநருமான பி. ரம்லி. சிங்கப்பூரில் உச்சத்தில் இருந்தார். 1964-ல் கோலாலம்பூருக்கு வந்தார். அதன் பிறகு எடுத்த படங்கள் முன்போல் ஓடவில்லை. இளைஞர்கள் கிதார் பாட்டுகளின் பக்கம் போய்விட்டார்கள். 1973 மே மாதம் மாரடைப்பில் இறந்தபோது வயது 44. கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரசாங்கத்தின் டான் ஸ்ரீ பட்டம் 1990-ல்தான் வந்தது, இறந்து 17 வருடம் கழித்து. கோலாலம்பூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. இங்கே அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அடுத்த வருடமே, 1974-ல், சென்னையில் நகைச்சுவை நடிகரும் பாடகருமான சந்திரபாபு 46 வயதில் வறுமையில் போனார். உயிரோடு இருக்கும்போது கொடுக்காத மரியாதையை நான் மரியாதையாகவே எண்ணுவதில்லை. அவ்வளவு பெரிய கலைஞர்களுக்கே இந்த நிலைமை என்றால், கை தட்டலை நம்பி மட்டும் நீங்களும் நானும் மேடையில் நிற்க முடியாது, தம்பி. நிற்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

எனக்கு அது எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன். நாலு வருடம் கழித்து, கோயில் தேவார வகுப்புக்கு ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். ஏழு வயசுப் பையன் ஒருத்தன், முன்பல் இரண்டும் இல்லை. மேலே போகும் இடத்தில் எட்டாமல் கத்திக் கத்திப் பாடினான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை, அரைக் கட்டை இறக்கித் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது. சிரிப்பு நின்றது. அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு நடந்தேன், நாலு வருடத்தில் முதல் முறையாக.

பாட்டை விடட்டுமா என்று கேட்டீர்கள். பிழைப்பாகச் செய்வதை விடலாம், அதில் வெட்கமே இல்லை. ஆனால் இந்த மாதம் முடிவு எடுக்காதீர்கள். முன்பணம் வரும் நிகழ்ச்சிகளை மட்டும் ஆறு மாதம் செய்து பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மைக் இல்லாமல், உங்களுக்குப் பிடித்ததை மட்டும் பாடுங்கள், மாடிப்படியில் உட்கார்ந்தாவது. அதற்குப் பிறகும் வெறுப்பு அப்படியே இருந்தால் எனக்கு எழுதுங்கள், மேடையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் அந்தப் பெண்ணின் விஷயம் ஆறு மாதம் காத்திருக்காது. உள்ளதைத்தானே சொன்னேன் என்கிறீர்கள். இல்லை தம்பி. நீங்கள் சொன்னதில் அவளுக்கு உதவுகிற ஒரு செய்தி இல்லை. உங்களுக்கு யார் யாரோ செய்ததற்கு, காலைத் தொட்ட பிள்ளையிடம் கணக்குத் தீர்த்திருக்கிறீர்கள். அழுதுகொண்டே பாடினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டை நிறுத்தாமல் முடித்திருக்கிறாள், கவனித்தீர்களா? முதல் மேடையில் எத்தனை பேருக்கு அது வரும்?

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால் சொல்வதற்கு உங்களிடம் நிறைய இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால் யார் வண்டியில் ஏறலாம், யார் வண்டியில் ஏறக்கூடாது. உறையை வாங்கின இடத்திலேயே எண்ண வேண்டும். எந்த ஏற்பாட்டாளர் தேதி கேட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு மேடைக்கு ஏறி வருகிறவரை எப்படிச் சிரித்துக்கொண்டே இறக்கிவிடுவது. படிப்பையோ வேலையையோ விட்டுவிடாமல் பாட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். எனக்கு 19 வயதில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். அவள் அம்மா அப்பா இருக்கும் நேரமாகப் பார்த்து, குழுவில் இருக்கும் ஒரு அக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். எல்லார் முன்னாலும் சொன்னீர்கள், அதனால் எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் திரும்பி வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். வருகிறேன் என்றால், அடுத்த ஒத்திகையில் அவளை முதலில் பாடச் சொல்லுங்கள், அவளுக்கு எது வாகான சுருதி என்று நீங்களே கேட்டு வைத்துக் கொடுங்கள்.