உப்பில் அயோடின்: வெப்பம் பாதிக்காது என்று எழுதலாமா?

வணக்கம் ஐயா,

வாலிநோக்கம் பக்கம் ஓர் உப்பு ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அயோடின் அளக்க, நிறம் மறையும் வரை தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் டைட்ரேஷன் முறைக்கு உறுதித்தன்மைச் சோதனை (செய்முறையில் சிறு மாற்றங்கள் வந்தால் முடிவு மாறுகிறதா என்ற சோதனை) செய்தோம். கரைசலின் வெப்பம், ஸ்டார்ச் சேர்க்கும் தருணம் என ஏழு காரணிகள். பல காரணிகளைச் சில சோதனைகளிலேயே ஒன்றாக மாற்றிப் பார்க்கும் பிளாக்கெட்–பர்மன் அட்டவணைப்படி எட்டு டைட்ரேஷன். வெப்பத்தை 26 டிகிரியிலிருந்து 32க்கு உயர்த்தியபோது முடிவு 1.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) குறைந்தது. ஆனால் புள்ளியியலின் வழக்கமான 5% வரம்பில், தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு எந்தக் காரணியும் முக்கியமாகத் தெரியவில்லை. ஒரே உப்பைத் தனியாக எட்டு முறை அளந்ததில் திட்டவிலக்கம் (முடிவுகளின் சிதறல்) 1.2 பிபிஎம். முறை உறுதியானது என்று அறிக்கை எழுதலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு எழுதாதீர்கள். இவ்வளவு சிறிய சோதனையில் விளைவு பிடிபடவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு விளைவும் நான்கு முடிவுகளின் சராசரிக்கும் மற்ற நான்கின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் திட்டவிலக்கத்தில் அதன் திட்டப்பிழை (அந்த வித்தியாசத்தின் சிதறல்) 0.85 வருகிறது; 95% நம்பக எல்லை, அதாவது உண்மை விளைவு இருக்கக்கூடிய வீச்சு, 1.8-இலிருந்து ஏறத்தாழ ±2. ஆக, வெப்பம் உண்மையில் ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம், 3.8 பிபிஎம் இழுத்துவிடவும் செய்யலாம். உங்கள் ஆலையின் கீழெல்லை 30 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். 33 உள்ள நல்ல உப்பு 29 என்று வந்து நின்றுவிடும். 10 கிராம் உப்பு, 0.005 நார்மல் (கரைசலின் செறிவு) தயோசல்பேட் என்றால், சொட்டு விடும் அளவுக் குழாயான பியூரெட்டில் ஒரு மில்லி லிட்டர் 10.58 பிபிஎம். அந்த 3.8 என்பது ஏழெட்டுச் சொட்டுதான்!

வேதியியலும் எச்சரிக்கிறது. கரைசல் சூடேறினால், அயோடினோடு சேர்ந்து ஸ்டார்ச் தரும் நீலம் வெளிறி, முடிவுப்புள்ளி வந்துவிட்டதாகக் கண் முன்கூட்டியே நம்பும், அயோடினும் ஆவியாகும். இரண்டுமே அளவைக் குறைத்துத்தான் காட்டும், உங்கள் முடிவும் குறைந்துதான் இருக்கிறது. இதை எப்படித் தள்ளிவிட முடியும்?

இன்னொன்று, 32 டிகிரியோடு ஏன் நிறுத்தினீர்கள்? சித்திரை வெயிலில் மின்சாரம் போய் ஏசி நின்றால் உங்கள் மேசைக் குடுவை அதற்குள் அடங்காது. உங்கள் அறையில் நடக்கக்கூடியதைத்தான் சோதிக்க வேண்டும்.

எத்தனை பிபிஎம் பிசகைத் தாங்கலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம்பக எல்லை முழுவதும் அதற்குள் விழ வேண்டும். எட்டு டைட்ரேஷனில் ஒரு காரணியின் விளைவோடு மற்ற இரண்டின் கூட்டு விளைவும் கலந்துவிடும். எனவே வெப்பம், ஸ்டார்ச் இரண்டை மட்டும் எடுத்து, நான்கு சேர்க்கைகளிலும் எட்டெட்டு முறை செய்யுங்கள். எல்லை ±0.9 அளவுக்குச் சுருங்கும். அதுவரை செய்முறைத் தாளில் ‘கரைசல் 30 டிகிரிக்குக் கீழே’ என்று எழுதி, பியூரெட் பக்கத்திலேயே ஒரு வெப்பமானியை வையுங்கள்.