'தாசில்தார் (ஓய்வு)' போர்டு வைக்கலாமா? – கேள்வி பதில்

திருவண்ணாமலையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தாசில்தார்: பழைய ஆபீசுக்கு ஒரு வேலையாகப் போனேன். நான் வேலை பழக்கிய பையன் "உட்காருங்க சார்" என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் 'தாசில்தார் (ஓய்வு)' என்று போர்டு வைத்தால் தப்பா?

வையுங்கள் ஐயா, தபால்காரருக்கு உதவும். வணக்கம் எல்லாம் நாற்காலிக்கு வந்தது. அதில் இப்போது வேறொருவர் இருக்கிறார். ஆனால் பட்டா, அடங்கல், உட்பிரிவு என்று நிலக் கணக்கெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக்க எப்படி மனு எழுதுவது என்று தெரியாமல் புரோக்கரிடம் பணம் கொடுப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, மக்களுக்கு வழிகாட்டும் சட்டம் சார்ந்த தன்னார்வலர்களாக ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களையும் எடுக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். சம்பளம் கிடையாது, வேலை செய்யும் நாளுக்குச் சிறு மதிப்பூதியம் மட்டும். அங்கே போய் தாசில்தார் குரலில் பேசினால் மட்டும் ஒரு வாரம் தாங்காது.

தேனியிலிருந்து ஓர் அரசுப் பேருந்து ஓட்டுநர்: முதல் ட்ரிப் ஓட்டிய பழக்கம், இப்போதும் மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

ஓய்வு ஆர்டர் உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பகல் தூக்கத்தைக் குறையுங்கள். அப்புறம், "சும்மாதானே இருக்கீங்க, காரைக் கொஞ்சம் ஓட்டுங்க" என்று சொந்தக்காரர்கள் வருவார்கள். முதல் தடவையே மறுத்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர் இப்போது எண்ணெய்க்கும் பருப்புக்கும் என்னிடம் கணக்குக் கேட்கிறார்.

ஆடிட்டை விடமுடியவில்லை போல! காலை டிபனை அவரிடமே ஒப்படையுங்கள் அம்மா, மாவு அரைப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை. ஒரு வாரம் சட்னி உப்புக் கரிக்கும், வாயைத் திறக்காதீர்கள். தமிழக அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 2020-இல் 59, 2021-இல் 60 என்று மாற்றியது. உங்கள் வேலைக்கு இதுவரை ஓர் அரசாணையும் வரவில்லை. அதனால் நீங்களும் ஒரு வேளைச் சமையலிலிருந்து ஓய்வு எடுத்துக்கொள்ளலாம்.

கரூரிலிருந்து ஒரு தலைமை ஆசிரியை: ஓய்வில் கிடைத்த பணத்தில் நர்சரிப் பள்ளி தொடங்கலாம் என்கிறான் மகன்.

முதல் வருஷம் அந்தப் பணத்தைத் தொடவே வேண்டாம் அம்மா. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். உங்களுக்கு ஆசை பாடம் நடத்தவா, தாளாளர் ஆகவா என்று யோசியுங்கள். பாடம்தான் என்றால் திண்ணையும் நாலு பிள்ளைகளும் போதும்.